பூமியின் வரவு செலவுக் கணக்கு



இல்லத்தின் கணக்கைப் பார்க்கிறோம். ஊராட்சியின் கணக்கைக் கேட்கிறோம். அரசின் வரவு செலவுத் திட்டத்தை வரி வரியாக ஆராய்கிறோம். நம்மைத் தாங்கி நிற்கும் இந்தப் பூமியின் கணக்கை என்றேனும் பார்த்தோமா? இன்று அந்த ஏட்டைத்தான் உங்கள் முன் விரிக்கிறேன்.

வரவு கதிரவனிடமிருந்து. உலகப் பரப்பு முழுவதற்கும், இரவு பகல் சேர்த்துப் பங்கிட்டால், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 340 வாட். அதில் 100 வாட்டை மேகமும் பனியும் மணற்பரப்பும் ஏற்காமலே திருப்பி விடுகின்றன. எஞ்சிய 240 வாட்டைக் காற்றும் கடலும் நிலமும் ஏற்கின்றன. ஏற்ற வெப்பத்தைப் பூமி, கண்ணுக்குப் புலப்படாத கதிர்களாக விண்வெளிக்கு அனுப்புகிறது. அதுவே செலவு. வரவும் 240, செலவும் 240 என்றால் உலகின் வெப்பநிலை நிலையாக நிற்கும்.

நீராவியும் கரியமிலவாயுவும் வெளியேறும் வெப்பத்தில் ஒரு பகுதியைத் தடுக்கின்றன. இந்தப் போர்வை இல்லையேல் உலகின் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 18 டிகிரி. இருப்பதால் மேலே 15 டிகிரி. எனவே போர்வை பகையன்று. அதை மேலும் மேலும் தடிப்பாக்குவதே பகை!

தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து இலட்சம் பங்கில் கரியமிலவாயு 280 பங்கு. 1958இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் கீலிங் அளக்கத் தொடங்கியபோது சுமார் 315. 2024இல் 420ஐயும் தாண்டிவிட்டது.

“இத்தனை சிறிய பங்கு என்ன செய்துவிடும்?” என்று கேட்பார் உண்டு. காற்றில் பெரும்பங்கான நைட்ரஜனும் ஆக்சிஜனும் வெப்பக் கதிரைத் தடுப்பதில்லை. கோட்டைக்குள் ஆயிரம் பேர் இருக்கலாம். கதவை அடைக்க வாயிற்காவலர் ஒருவர் போதுமே! 1859இல் டிண்டல் இதை ஆய்வுக்கூடத்தில் மெய்ப்பித்தார்.

“கதிரவனே சூடேறுகிறான்” என்பார் வேறு சிலர். 1970களின் இறுதியிலிருந்து செயற்கைக் கோள்கள் அளந்து வருகின்றன. கதிரவனின் ஒளியில் வளர்ச்சி ஏதும் காணோம். அவன் காரணமானால் வானின் மேலடுக்கும் சூடேற வேண்டும். கீழடுக்கு சூடேற, மேலடுக்கோ குளிர்ந்து வருகிறது. போர்வை தடித்ததற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வீட்டுக் கணக்கில் மிச்சம் மகிழ்ச்சி தரும். இந்தக் கணக்கில் மிச்சமே ஆபத்து. 2006 முதல் 2018 வரை, சதுர மீட்டருக்குச் சராசரியாக 0.8 வாட் மிஞ்சியது. சிறிதென்று எண்ணாதீர்கள்! உலகப் பரப்பால் பெருக்கினால், மனிதகுலம் பயன்படுத்தும் ஆற்றல் முழுவதையும்போல் ஏறத்தாழ இருபது மடங்கு! அதில் பத்தில் ஒன்பது பங்கைக் கடல் விழுங்குகிறது.

அடுத்து வருவது வட்டி, தோழர்களே! காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். நீராவியும் போர்வைதானே! சூடு நீராவியை வளர்க்க, நீராவி சூட்டை வளர்க்கும். வடதுருவக் கடலில் ஒளியைத் திருப்பிய வெண்பனி உருகி, ஒளியை உண்ணும் கருங்கடல் வெளிப்படும். வட்டி குட்டி போடுகிறது!

கரியமிலவாயு இருமடங்கானால், அதன் நேர்விளைவு ஒரு டிகிரிக்குச் சற்று மேல். அது அசல். நீராவி, பனி, மேகம் ஆகியவற்றின் எதிர்விளைவுகளையும் சேர்த்தால், 2021இல் உலக அறிவியலாளர் குழு தந்த மதிப்பீடு ஏறத்தாழ 3 டிகிரி. அசல் ஒன்று, வட்டியோடு மூன்று!

கணக்கு ஒருநாள் நேராகும். சூடேறிய பொருள் மிகுதியாக வெப்பத்தை உமிழும் என்பது இயற்கையின் சட்டம். ஆனால் எந்த வெப்பநிலையில் நேராகும்? அதுவே வாழ்வா சாவா என்ற வினா. 2015இல் பாரிசில் உலக நாடுகள் குறித்த எல்லை 1.5 டிகிரி. 2024ஆம் ஆண்டின் சராசரியே அதைத் தாண்டிவிட்டது. கடன் வாங்கியவை பெரும்பாலும் புகைபோக்கிகள் நிறைந்த செல்வ நாடுகள். வட்டி கட்டுவதோ துவாலு போன்ற தீவின் ஏழை மீனவன். இது நீதியா?

வட்டியைத் தனியே தடுக்க நம்மால் ஆகாது. அசலைத் தடுக்க ஆகும். நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் கக்கும் கரியமிலவாயு நின்றால், வெப்பநிலை ஏறுவதும் ஏறத்தாழ நின்றுவிடும் என்பதே அறிவியல் தரும் நம்பிக்கை.

ஆகவே, படிப்பகத்திலும் தேநீர்க் கடையிலும் இந்தக் கணக்கை எடுத்துரையுங்கள். கணக்கறிந்த மக்களை எவரும் ஏய்க்க முடியாது!