லாகோஸிலிருந்து நைரோபி எவ்வளவு தூரம்?



"ஆப்பிரிக்காவிலே நாலு வருஷம் இருந்தியே, அதைப் பத்திப் பேசு" என்றார் நம் செயலாளர். சிங்கக் கதை கேட்க வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். நான் ஒரு சிங்கத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஆப்செட் மெஷின் பொருத்துகிற வேலை. சிவகாசி அச்சாபீஸில் அப்பா சட்டையில் வீசிய அதே மை வாசனைதான் லாகோஸிலும். ஆகவே ஒரு தூரக் கணக்கு மட்டும் சொல்கிறேன்.

லாகோஸ் மேற்கே, நைஜீரியாவில். நைரோபி கிழக்கே, கென்யாவில். வான்வழியில் சுமார் 3,830 கிலோமீட்டர். நம்ம ஊரிலிருந்து சென்னைக்கு ஏழு தடவை ரயிலில் போகிற தூரம். மணிக்கு 800 கிலோமீட்டர் என்று வகுத்தால் ஐந்து மணிக்குள் முடியணும். டிக்கெட்டில் ஐந்துக்கு மேலேதான் போட்டிருக்கும். ஓடுதளத்துக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாம் அதில் சேர்த்தி. மதுரை–சென்னை வான்வழியில் 420 கிலோமீட்டர்கூட இல்லை. அதற்கே ஒண்ணேகால் மணி போடுகிறார்கள், பார்த்திருப்பீர்கள்.

அடுத்தது கடிகாரம். நைரோபி இரண்டு மணி நேரம் முந்தி. லாகோஸில் மதியம் 1 மணிக்கு ஏறினால் நைரோபியில் இரவு 8 மணிக்கு மேல் இறங்குவோம். பார்க்கிறவன் ஏழு மணிப் பயணம் என்பான். திரும்பும்போது மூணு மணி மாதிரி தெரியும்!

இந்தக் கணக்கெல்லாம் எனக்கு அத்துப்படி என்றுதான் நினைத்திருந்தேன். 2019-இல் ஒரு விடியற்காலை தம்பி போன் பண்ணினான். அப்பா போய்விட்டார். உடனே காகிதத்தில் போட்டேன்: நைரோபிக்கு 5 மணி, அங்கிருந்து மும்பை சுமார் 4,500 கிலோமீட்டர், 6 மணி, மதுரைக்கு 2 மணி, விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு ஒரு மணி. நடுவில் காத்திருப்பதையும் கூட்டி, "நாளைக்கு மதியத்துக்குள்ளே வந்துடுறேன், வச்சிருங்கடா" என்றேன்.

விமான நிலையத்தில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையைக் கேட்டார்கள். அது வேலைத்தளத்துப் பெட்டியில் கிடந்தது. நைஜீரியாவிலிருந்து அந்த அட்டை இல்லாமல் இந்தியாவுக்கு வந்தால் 6 நாள் வரை தனியே வைத்துவிடுவார்கள். எடுத்துவரத் திரும்பி ஓடினேன். லாகோஸ் நெரிசல் தெரிந்தவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டாம். விமானம் போய்விட்டது. அடுத்த இடம் மறுநாள்தான் கிடைத்தது.

தம்பி சாயங்காலம் வரை பார்த்திருக்கிறான். வெயில் காலம். பெரியவர்கள் இனி வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கொள்ளி அவன்தான் வைத்தான். நான் வந்து சேரட்டும் என்று பால் தெளிப்பதை மட்டும் தள்ளி வைத்திருந்தார்கள்.

இந்த வருஷம் நம் மாணவர்கள் சிலர் நைஜீரியா போகிறதாகக் கேள்விப்பட்டேன். தம்பிகளா, ஊசியைக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்ட 10 நாள் கழித்துத்தான் அட்டை செல்லும். கடைசி வாரம் வரை இழுக்காதீங்க. 2016-இலிருந்து ஒரு ஊசியே ஆயுசுக்கும் போதும். என் அட்டை இப்போது பாஸ்போர்ட் உறைக்குள்ளேயே இருக்கிறது. பார்க்கணும் என்கிறவர்கள் பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.