கெர்னல் முதலில், மற்றவை பிறகு

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



ஒரு கணினியின் இயங்குதளத்தை அதன் மூலநிரலிலிருந்தே மேம்படுத்துவது எப்படி என்பது இன்றைய தலைப்பு. எடுத்துக்காட்டாக ஃபிரீபிஎஸ்டியைச் சொல்கிறேன். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வளர்ந்த யூனிக்ஸ் மரபில், 1993இல் முதலில் வெளிவந்த தளம் அது.

ஆயத்தமாகத் தொகுத்த கோப்புகளை இறக்கி மேம்படுத்தும் வழியும் அதில் உண்டு. பிறகு ஏன் மூலநிரலோடு மல்லுக்கட்ட வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். வேண்டாத பகுதிகளை நீக்கி, நம் கணினிக்கு ஏற்ற கெர்னலை நாமே அமைத்துக்கொள்ளலாம். ஒரு பாதுகாப்புத் திருத்தம் எந்த வரியை மாற்றியது என்பதையும் நேரில் பார்க்கலாம்.

ஆனால் இதில் கட்டளைகளை மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது. வரிசை தெரிய வேண்டும்.

முதலில் முக்கியக் கோப்புகளுக்கு நகல் எடுங்கள். அடுத்து, புதிய மூலநிரலைக் 'கிட்' வழியாகப் பெறுங்கள். அதிலுள்ள 'அப்டேட்டிங்' என்ற கோப்பைப் படியுங்கள். என்ன மாறியது, எங்கே எச்சரிக்கை தேவை என்று உருவாக்கியவர்களே அதில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

பிறகு 'மேக் பில்ட்வேர்ல்ட்', அதையடுத்து 'மேக் பில்ட்கெர்னல்'. பழைய கணினியில் இதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். பயம் வேண்டாம். தொகுப்பு வேலை தனி இடத்தில் நடப்பதால், ஓடிக்கொண்டிருக்கும் தளத்தில் எதுவும் மாறாது.

மாற்றம் 'மேக் இன்ஸ்டால்கெர்னல்' என்ற கட்டளையில்தான் தொடங்குகிறது. முதலில் கெர்னலை மட்டும் நிறுவி, கணினியை மீண்டும் தொடக்க வேண்டும். ஏன் தெரியுமா? பழைய நிரல்கள் புதிய கெர்னலில் இயங்கும்படி ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஆனால் புதிய நிரல்கள் கேட்கும் வசதி பழைய கெர்னலில் இல்லாமல் போகலாம். வரிசையை மாற்றினால் சாதாரணக் கட்டளைகூட இயங்காமல் போகலாம். அந்தக் கணினி நூறு மைல் தள்ளி இருந்தால் நிலைமையை எண்ணிப் பாருங்கள்!

புதிய கெர்னல் சரிப்படவில்லையென்றாலும் வழி உண்டு. முந்தையது 'கெர்னல்.ஓல்ட்' என்ற பெயரில் இருக்கும். கணினி தொடங்கும்போது அதைத் தேர்ந்தெடுத்துத் திரும்பிவிடலாம்.

கெர்னல் நன்றாக ஓடினால், 'மேக் இன்ஸ்டால்வேர்ல்ட்' கட்டளையால் மற்ற நிரல்களை நிறுவுங்கள். அதற்கு முன்னும் பின்னும் 'இடிசிஅப்டேட்' கட்டளையை இயக்க வேண்டும். நீங்கள் திருத்தி வைத்த அமைப்புக் கோப்புகளைப் புதியவற்றோடு இணைப்பது அதுவே. பழைய நூலகக் கோப்புகளை உடனே அழித்துவிடாதீர்கள். அவற்றை நம்பியிருக்கும் செயலிகளைப் புதுப்பித்த பிறகே அழிக்க வேண்டும்.

மேம்படுத்தப் பயந்து பழைய பதிப்பிலேயே இருப்போரும் உண்டு. ஒரு பதிப்புக்கு ஆதரவு முடிந்தால் பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுவிடும். அந்த ஓட்டைகள் நமக்குத் தெரியாவிட்டாலும் திருடனுக்குத் தெரியும். ஆகவே தள்ளிப் போடாதீர்கள், அவசரமும் படாதீர்கள். ஒவ்வொரு படியிலும் திரும்பி வர வழி இருக்கிறதா என்று பார்த்து அடுத்த படியில் காலை வையுங்கள்.