பதிவுக் கட்டணமும் அதனைச் செலுத்துவோர் உரிமையும்

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கத்தைச் சேர்ந்த குடும்பங்கள் சிலவற்றிலிருந்து ஆண்மக்களும் பெண்மக்களும் பிரிட்டனுக்குச் சென்று, தாதியராகவும் பிசியோதெரபி, எக்ஸ்ரே முதலிய துறைகளில் வல்லவராகவும் தொழில் புரிந்துவருகின்றனர். அவர்கள் வீட்டிற்குத் தெரிவிக்கும் குறைகளுள் ஒன்று பதிவுக் கட்டணம் உயர்ந்துகொண்டே போகின்றது என்பது. இதுபற்றிச் சிறிது ஆராய்ந்து பேசவேண்டுமென்று நம் காரியதரிசி அவர்கள் பணித்தார்கள். யான் தமிழ் படித்தவன், வைத்தியம் அறியேன். ஆயினும் இது வைத்தியத்தைப் பற்றியதன்று, பணத்தையும் நியாயத்தையும் பற்றியதாதலின் துணிந்து பேச முற்படுகின்றேன்.

முதற்கண் பதிவென்பது யாது? நோயாளி தன் உடலைப் பிறனொருவனிடம் ஒப்புவிக்கின்றான். ஒப்புவிக்கப்பட்டவன் கற்றவனா, போலியா என்பதை அறியும் ஆற்றல் நோயாளிக்கு இல்லை. ஆகவே அறிந்தார் சிலர் கூடி, தகுதியுடையார் பெயர்களை ஓர் ஏட்டில் எழுதிவைக்கின்றனர். அவ்வேட்டில் இல்லாதார் அப்பெயர் பூண்டு தொழில் செய்தல் குற்றமாகும். பிரிட்டனில் வைத்தியர்களுக்கு இவ்வேடு 1858-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்டது. தாதியர்க்கு 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் 1921-இல் திறக்கப்பட்டது. நெடுங்காலம் இதற்காகப் போராடிய எதெல் கார்டன் ஃபென்விக் என்னும் அம்மையாரின் பெயரே அதில் முதற்பெயர். அக்காலத்துப் பதிவுக் கட்டணம் ஒரு கினி, அஃதாவது இருபத்தொரு ஷில்லிங். தாதியர் சம்பளம் மிகச் சிறிதாயிருந்த அந்நாளில் ஒரு கினி எளிய தொகையன்று.

இங்கே ஒரு சொல்லாராய்ச்சி செய்வதற்கு அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். தமிழாசிரியனுடைய பழக்கம் எளிதில் நீங்காது. அரசனுக்குக் கொடுப்பது வரி. வேலை செய்தவனுக்குக் கொடுப்பது கூலி. தெய்வத்திற்கு இடுவது காணிக்கை. இக்கட்டணம் இவற்றுள் எது? செலுத்தாவிடின் பெயர் நீங்கும், பெயர் நீங்கின் தொழில் போகும். ஆதலின் விரும்பி இடும் காணிக்கையன்று. செலுத்துவோர்க்கு அந்த ஸ்தாபனம் வேலை செய்கின்றதா என்றால், அதன் முதற்கடமை நோயாளிகளைக் காத்தல். ஆதலின் கூலியும் அன்று. எஞ்சியது வரியே. வரியென்று கொண்டால் உடனே எழும் வினா, வரி கொடுப்பவனுக்குச் சபையில் வாக்கு உண்டா என்பதாகும்.

இவ்வினாவை உரக்கக் கேட்டவர்கள் அந்நாட்டு வைத்தியர்கள். முன்னாளில் அவர்கள் பதிவு செய்துகொள்ளும்போது ஒருமுறை பணம் கட்டினால் ஆயுட்காலம் முழுவதற்கும் அது போதுமானதாயிருந்தது. அம்முறை கட்டுப்படியாகாமையால், வைத்தியர் பதிவுக் கவுன்சில் 1970-இல் ஆண்டுதோறும் இரண்டு பவுன் செலுத்தவேண்டுமென்று விதித்தது. இரண்டு பவுன் வைத்தியர்க்கு ஒரு பொருளா? ஆயினும் ஆயிரக்கணக்கானோர் கொடுக்க மறுத்தனர். எங்களுக்குப் போதிய பிரதிநிதித்துவம் இல்லாத சபைக்கு நாங்கள் ஏன் வரி கொடுக்கவேண்டும் என்பதே அவர்கள் வழக்கு. பெயர்களை ஏட்டினின்று நீக்குவோமென்று கவுன்சில் அச்சுறுத்தியது. அவ்வளவு பேரையும் நீக்கினால் ஆஸ்பத்திரிகளை நடத்துவது எப்படி? சர்க்கார் தலையிட்டு, அலெக் மெரிசன் என்னும் அறிஞர் தலைமையில் ஒரு விசாரணைக் குழுவை நியமித்தது. அவர் வைத்தியரல்லர், பௌதிக சாஸ்திரி. அக்குழு 1975-இல் அறிக்கை அளித்தது. 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கவுன்சிலில் வைத்தியர்கள் தாமே தேர்ந்தெடுக்கும் அங்கத்தினர் பெரும்பான்மையாயினர். இரண்டு பவுனில் தொடங்கிய பூசல் ஒரு சபையின் அமைப்பையே மாற்றிவிட்டது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. தொழிலாளர் தேர்ந்தெடுத்த சபை தம்மவர் குற்றத்தை மறைக்காதோ என்னும் ஐயம் பொதுமக்களுக்கு உண்டாயிற்று. நோயாளிகள் பலரைக் கொலை செய்த ஹெரால்டு ஷிப்மன் என்னும் வைத்தியனைப் பற்றி ஆராய்ந்த விசாரணை, கவுன்சில் நோயாளிகளினும் வைத்தியர்க்கே மிக இரங்குகின்றதென்று 2004-இல் கடிந்துரைத்தது. அதன்பின் தேர்தல் ஒழிந்தது. 2009 முதல் வைத்தியர் கவுன்சிலின் அங்கத்தினர் அனைவரும் நியமனம் பெற்றோரே. அவருட் பாதிப்பேர் வைத்தியரல்லாதார். தாதியர் முதலியோரின் கவுன்சில்களும் அவ்வழியே சென்றன. நோயாளியின் பக்கம் நின்று பார்த்தால் இம்மாற்றத்தை யான் குறைகூறேன். எனினும் இதன் விளைவு ஒன்றுண்டு: கட்டணம் செலுத்துவோர்க்கு 1978-இல் கிடைத்த வாக்கு போயிற்று, செலுத்தும் கடமை மட்டும் நின்றது.

இனி அண்மைக்காலக் கணக்கைப் பார்ப்போம். தாதியர் கவுன்சிலின் ஆண்டுக் கட்டணம் 76 பவுனாயிருந்தது. விசாரணை வழக்குகள் பெருகிச் செலவு மிகுந்தமையால் அதனை 120 ஆக்க 2012-இல் எண்ணினர். சர்க்கார் இரண்டு கோடி பவுன் மானியம் அளித்து அதனை 100 பவுன் அளவில் நிறுத்திவைத்தது. ஆனால் 2015-இல் அது 120-ஐ அடைந்தே விட்டது. இரண்டாண்டுக் காலத்தில் நூற்றுக்கு 58 வீதம் ஏற்றம்! அதே காலத்தில் சர்க்கார் ஊழியர் சம்பளம் முதலில் உயராமலும், பின்னர் நூற்றுக்கு ஒன்றென்னும் எல்லைக்குள்ளும் கட்டுண்டிருந்தது. இலட்சத்திற்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டு விண்ணப்பித்தனர், பார்லிமெண்டிலும் விவாதம் நடந்தது, கட்டணம் குறையவில்லை.

பிசியோதெரபி, எக்ஸ்ரே, ஆம்புலன்ஸ் முதலிய பதினைந்து தொழில்களைக் காக்கும் மற்றொரு கவுன்சிலின் செய்தியும் இத்தகையதே. இங்கிலாந்தின் சமூக ஊழியர்கள் 2019 டிசம்பரில் வேறு ஸ்தாபனத்திற்கு மாற்றப்பட்டனர். அவர்கள் கொடுத்துவந்த பணமும் உடன் சென்றது. அக்குறையை எஞ்சியோர் தாங்க நேர்ந்தது. 90 பவுனை 106 ஆக்குவோமென்று 2019-இல் கூறினர். எதிர்ப்பு மிகவே 98 பவுன் 12 பென்னியோடு அமைந்தனர். அது 2021-இல் நடப்புக்கு வந்தது. பிறகு 2023-இல் 116 பவுன் 36 பென்னி ஆயிற்று. 106 கூடாதென்று தடுத்து நிறுத்தினோர், நான்கே ஆண்டுகளில் அதனினும் பத்துப் பவுன் மிகுதியாகக் கொடுத்தனர்.

கட்டணமே உயரக்கூடாதென்று யான் சொல்ல வரவில்லை. தாதியர் கட்டணம் 2015-க்குப்பின் பத்தாண்டுகள் அசையாது நின்றது, விலைவாசியோ நிற்கவில்லை. அதனால் கவுன்சிலின் கையில் உண்மையில் சேர்ந்த பொருள் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வந்தது. அப்பொருளிற் பெரும்பகுதி செல்வது புகார்களை விசாரிப்பதற்கு. விசாரணை தாமதித்தால் துன்புறுவோர் இருவர்: நீதிக்குக் காத்திருக்கும் நோயாளியின் குடும்பத்தார் ஒருபுறம், குற்றமற்றவளாயினும் தலைமேல் வாள் தொங்கத் தொழில் செய்யும் தாதி மற்றொருபுறம். 2024-இல் நசீர் அஃப்சல் என்பார் முன்னின்று நடத்திய தனி ஆய்வு, அக்கவுன்சிலின் உள்ளேயே இனவேற்றுமையும் கொடுமைப்படுத்தலும் உண்டென வெளிப்படுத்தியது. தேங்கிய வழக்குகளோ ஆயிரக்கணக்கின. இந்நிலையில் ‘இன்னும் கொடுங்கள்’ என்றால், ‘கொடுத்தது என்னாயிற்று’ என்று கேட்பது இயல்பன்றோ?

என் கருத்து இது. வாக்கைத் திரும்பக் கொடுத்தல் நோயாளிக்கு நன்றாகாதெனின், அதற்கு ஈடாகக் கணக்கைக் கொடுக்கவேண்டும். ஒரு வழக்கிற்கு என்ன செலவு, எத்தனை மாதம், சென்ற ஏற்றத்தால் எத்தனை மாதம் குறைந்தது என்பவற்றைக் கூறாமல் அடுத்த ஏற்றத்தைக் கேட்கலாகாது. உயர்த்துவதாயின் விலைவாசியோடு சிறிது சிறிதாக உயர்த்துக. பல்லாண்டு உறங்கிவிட்டுத் திடீரென்று தாவுதல் ஏழைக் குடும்பத்தின் வரவுசெலவைக் கலைக்கும். பின்னுமொன்று: குழந்தையைப் பேணுதற்பொருட்டு வாரத்தில் இரண்டு நாளே வேலை செய்யும் தாயும், முழுநேரம் உழைப்பவளும் ஒரே தொகை செலுத்துகின்றனர். ஒரு பெயரை ஏட்டில் வைத்திருக்கும் செலவு இருவர்க்கும் ஒன்றே என்பது கவுன்சில் கூறும் நியாயம். கணக்குக்கு அது பொருந்தும். அத்தாயின் கைப்பைக்குப் பொருந்தாது. புதிதாகப் பட்டம் பெற்றோர்க்கு முதலிரண்டாண்டு பாதிக் கட்டணமே என்று பதினைந்து தொழிற் கவுன்சில் சலுகை தருகின்றதே, அத்தகைய சலுகை இங்கும் இயலாததன்று.

இது கடல்கடந்த நாட்டுச் செய்தி மட்டும் அன்று. நம் இந்தியாவிலும் பிசியோதெரபி முதலிய துறையினர்க்குத் தேசிய அளவில் பதிவேடு அமைக்க 2021-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டிருக்கின்றது. அத்துறைகளிற் பயிலும் நம் மாணவர்கள் ஏடு யாருடையது, கட்டணத்தை விதிப்பவர் யார், கணக்குக் கேட்பவர் யார் என்பவற்றை இப்பொழுதே கேட்டறிதல் நன்று.

பிரிட்டனிலுள்ள பிள்ளைகளுக்குப் பெற்றோர் எழுதவேண்டியவை சில. பதிவுக் கட்டணத்திற்கு அந்நாட்டு வருமான வரியிற் கழிவுண்டு. நூற்றுக்கு இருபது வீதம் வரி செலுத்தும் தாதிக்கு 120 பவுனுக்கு 24 பவுன் திரும்பும். முன்சென்ற நான்கு ஆண்டுகளுக்கும் கேட்டுப் பெறலாம். தானே வந்து சேராது, விண்ணப்பித்தல் வேண்டும். ஒருங்கே கட்ட இயலாத தாதியர் ஆண்டில் நான்கு தவணையாகக் கட்டலாம். வீடு மாறினாலோ பாங்கிக் கணக்கு மாறினாலோ அன்றே கவுன்சிலுக்குத் தெரிவிக்கட்டும். தவணை ஒன்று தவறி ஏட்டினின்று பெயர் நழுவினால், திரும்பச் சேர்க்கும்வரை அத்தொழிலிற் பணிபுரிய முடியாது, அந்நாட்களுக்குச் சம்பளமும் வாராது.