கேரள மேடையும் திரையும்: அச்சம் யாரைக் கைகாட்டுகிறது?

திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் 1953-இல் ஒரு நாடகத்துக்குத் தடை வந்தது. தடை போட எடுத்த ஆயுதம், வெள்ளைக்கார அரசு 1876-இல் இயற்றிய நாடக நிகழ்ச்சிச் சட்டம். நாடகத்தின் பெயர் ‘நிங்களென்னெக் கம்யூனிஸ்டாக்கி’. எழுதியவர் தோப்பில் பாசி. நடத்தியது கே.பி.ஏ.சி. எனும் நாடகக் குழு. தடையை மீறித் திருவனந்தபுரத்தை அடுத்த கோவளத்தில் அவர்கள் நாடகம் போட்டார்கள், கைதும் ஆனார்கள். பின்னர் நீதிமன்றத்தில் அந்தத் தடை நிற்கவில்லை.

சுதந்திர நாட்டின் அரசு ஒன்று, ஒரு நாடகத்தைக் கண்டு 77 ஆண்டுப் பழைய சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தது ஏன்? நாடகத்தின் கதையில் துப்பாக்கி இல்லை, படையெடுப்பு இல்லை. இருப்பதெல்லாம் ஒரு குடும்பம். பரமு பிள்ளை என்ற கிழவர். பழம்பெருமை மட்டும் மிச்சமிருக்கும் நாயர் தறவாட்டுக்காரர். மகன் கோபாலன் கம்யூனிஸ்டு என்பதே அவருக்கு அவமானம். நிலத்தைச் சுருட்டப் பார்க்கும் பக்கத்துப் பண்ணையாரால் அடி மேல் அடி வாங்கி, கடைசிக் காட்சியில் அவரே செங்கொடியைக் கேட்டு வாங்கி உயர்த்திப் பிடிக்கிறார். கொடியை அவர் வாங்குவது யார் கையிலிருந்து என்பதுதான் முக்கியம். மாலா என்ற தலித் பெண்ணின் கையிலிருந்து. வரப்பில் ஒதுங்கி நிற்க வேண்டிய பெண்ணின் கையிலிருந்து மேல்சாதிப் பெரியவர் ஒன்றைக் கேட்டு வாங்குகிறார் என்பதை மேடை வெளிச்சத்தில் பார்த்த கூட்டத்துக்கு, அதற்குமேல் பிரசங்கம் தேவைப்படவில்லை. அரசு அஞ்சியது அந்தக் காட்சிக்கு என்று கொள்வதில் தவறில்லை.

நாடகம் முதன்முதலில் 1952 டிசம்பர் 6 அன்று கொல்லத்தை அடுத்த சவறாவில் அரங்கேறியது. சூரநாட்டில் நடந்த மோதல் வழக்கில் போலீஸ் தேடிக்கொண்டிருந்தபோது, தலைமறைவாக இருந்து பாசி எழுதியது இது. ஓ.என்.வி. குறுப்பின் பாட்டுக்கு ஜி. தேவராஜன் மெட்டுப் போட்டார். வசனத்தை மறந்தவர்கள்கூடப் பாட்டை மறக்கவில்லை. வயலிலும் தோணியிலும் அந்தப் பாட்டுகள் நாடகத்தைவிட வேகமாக ஊர் ஊராகப் போயின. நாலே ஆண்டில், 1957 ஏப்ரல் 5 அன்று, இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் கம்யூனிஸ்டு அமைச்சரவை திருவனந்தபுரத்தில் பதவியேற்றது. பாசியும் அந்தச் சட்டசபையில் உறுப்பினர். நாடகம்தான் ஆட்சியைக் கொண்டுவந்தது என்று சொல்வது மேடைக்கு அழகு, வரலாற்றுக்குப் போதாது. விவசாயச் சங்கங்களும் வாசகசாலைகளும் அதற்குமுன் பல ஆண்டுகள் மண்ணைப் பண்படுத்தியிருந்தன. மக்கள் மனத்தில் ஏற்கெனவே இருந்த அச்சத்துக்கும் கோபத்துக்கும் ஒரு முகவரி கொடுத்தது நாடகம். அந்த முகவரி: பண்ணையார் வீடு.

அதே 1952-இல், தீபாவளிக்கு, தமிழில் ‘பராசக்தி’ வந்தது. பர்மாவிலிருந்து திரும்பும் தமிழன், பசி, கோயிலுக்குள் நடக்கும் அக்கிரமம், கடைசியில் நீதிமன்றக் கூண்டு. அங்கேயும் படத்தைத் தடை செய்யக் கோரிக் குரல் எழுந்தது. வசனம் எழுதிய மு. கருணாநிதி 1969-இல் முதல்வரானார். ஒரே ஆண்டில் பக்கத்துப் பக்கத்து மொழிகளில் வந்த இந்த இரண்டு படைப்புகளும் பிறகு வேறு வேறு பாதையில் போயின. தமிழ்த் திரை தன் தலைவர்களைத் தானே வளர்த்தது. மலையாளத் திரையோ தலைவர்களைச் சந்தேகப்படக் கற்றுக்கொண்டது. இந்த வேறுபாடு இன்றுவரை நீடிக்கிறது.

கேரளத்தின் எதிர்த்தரப்பும் மேடையை விட்டுவைக்கவில்லை. 1959-இல் விமோசன சமரம் என்ற ஆட்சி எதிர்ப்புப் போராட்டம் அமைச்சரவையை ஆட்டிய காலத்தில், சி.ஜே. தாமஸ் ‘விஷவிருட்சம்’ என்று கம்யூனிஸ்டு எதிர்ப்பு நாடகம் எழுதினார். ஜூலை 31 அன்று அமைச்சரவை கலைக்கப்பட்டது. பாசியின் நாடகம் 1970-இல் படமாகவும் வந்தது. அதற்குள் கட்சி இரண்டாகப் பிளந்து ஆறு ஆண்டு ஆகியிருந்தது. மேடையில் எரிந்தது திரையில் வெறும் நினைவாகவே தெரிந்தது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த அச்சம் போலீஸ். 1975 ஜூன் 25 முதல் 1977 மார்ச் வரை நெருக்கடி நிலை. கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜன் 1976 மார்ச் 1 அன்று பிடித்துச் செல்லப்பட்டார். கக்கயம் போலீஸ் முகாமிலிருந்து திரும்பவே இல்லை. தந்தை ஈச்சர வாரியர் ஆட்கொணர்வு மனுப் போட்டார். அந்த வழக்கினால், முதல்வராகி ஒரு மாதமே ஆகியிருந்த கே. கருணாகரன் 1977 ஏப்ரலில் பதவி விலக நேர்ந்தது. பி.ஏ. பக்கரின் ‘கபனி நதி சுவந்நப்போள்’ நக்சலைட் இளைஞன் ஒருவனை மையமாக வைத்து அந்த நெருக்கடிக் காலத்திலேயே வெளிவந்தது. ஆனால், அந்தக் காலத்தின் பயத்தை முழுதாகச் சொன்ன படம் வருவதற்குப் பத்தாண்டுக்கு மேல் பிடித்தது. அது ஷாஜி என். கருணின் ‘பிறவி’, 1988.

‘பிறவி’யில் ஆர்ப்பாட்டம் இல்லை, முழக்கம் இல்லை. தங்கையின் நிச்சயதார்த்தத்துக்கு வர வேண்டிய மகன் வரவில்லை. தந்தை ராகவ சாக்கியார் நாள்தோறும் ஊரிலிருந்து கிளம்பிக் கடைசிப் பேருந்து வரும்வரை காத்திருந்து திரும்புகிறார். மழை பெய்துகொண்டே இருக்கிறது. மகளுக்கு உண்மை தெரிந்துவிடுகிறது. அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. வேடமேற்ற பிரேம்ஜிக்குத் தேசிய விருது கிடைத்தது; 1989 கான் விழாவில் படத்துக்குச் சிறப்புக் குறிப்பும் கிடைத்தது. ராஜன் என்ற பெயர் படத்தில் ஒருமுறைகூட வர வேண்டியிருக்கவில்லை, கேரளத்தில் பார்த்த எவருக்கும் அது தெரியும். அரசு ஓர் இளைஞனை விழுங்கினால் அடுத்த நாள் அந்த வீட்டில் சோறு எப்படி இறங்கும் என்ற கேள்வியை, ஒரு கமிஷன் அறிக்கை கேட்காது. படம் கேட்டது.

1980-களில் விரல் கட்சியை நோக்கியே திரும்பியது. இந்தத் திருப்பத்துக்குத் திருவனந்தபுரம்தான் களம். 1965-இல் இங்கே தொடங்கிய சித்ரலேகா ஃபிலிம் சொசைட்டியின் பின்னணியில் வந்தவர் அடூர் கோபாலகிருஷ்ணன். அவருடைய ‘முகாமுகம்’ 1984-இல் வந்தது. ஓட்டுத் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் நடத்திய தோழர் ஸ்ரீதரன் 1950-களின் நடுவில் காணாமல் போகிறார். இறந்துவிட்டார் என்று நம்பி ஊர் நினைவுச் சின்னம் எழுப்புகிறது. பத்தாண்டு கழித்து மனிதர் உயிரோடு வந்து நிற்கிறார். வந்தவர் பேசுவதில்லை. குடிக்கிறார், தூங்குகிறார். இதற்குள் கட்சி இரண்டாகியிருக்கிறது; இரு பக்கத்துத் தோழர்களும் அவர் எழுந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா என்று கட்டிலைச் சுற்றி வருகிறார்கள். கடைசியில் அவர் கொல்லப்பட்டுக் கிடக்கிறார். உடனே இரு தரப்புக்கும் அவர் மறுபடி தியாகி. தூங்குகிற தலைவரைவிடச் செத்த தலைவர் வசதி. கேரள இடதுசாரிகள் பலருக்கு இந்தப் படம் கசந்தது; கட்சி விரோதப் படம் என்றார்கள். உண்மையில் 1957-இன் நம்பிக்கை எங்கே போயிற்று என்று கட்சிக்காரர்களே இரவில் தங்களைக் கேட்டுக்கொண்ட கேள்விதான் அது.

அதே ஆண்டில் கே.ஜி. ஜார்ஜின் ‘பஞ்சவடிப் பாலம்’ வேறு வழியில் போயிற்று. நல்ல பாலத்தை இடித்துப் புதுப் பாலம் கட்டும் பஞ்சாயத்தின் கதை. சிரிப்புப் படம், சிரித்து முடித்தபின் வயிற்றைக் கலக்கும். 2016-இல் திறந்த எர்ணாகுளம் பாலாரிவட்டம் மேம்பாலம் 2019-இல் மூடப்பட்டபோது, செய்தி படித்த மலையாளிக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்தப் படத்தின் பெயர்தான்.

வேலையின்மை தனி அத்தியாயம். வளைகுடாவுக்கு ஆள் ஏற்றிப்போன காலத்தின் பதற்றம், 1987-இல் ‘நாடோடிக்காற்று’ ஆனது. பட்டதாரி தாசனும் அவன் கூட்டாளி விஜயனும் துபாய் என்று நம்பிக் கரையேறுவது சென்னைக் கடற்கரையில். தமிழ்ப் பெயர்ப்பலகையைப் பார்த்து விழிக்கும் அந்தக் காட்சி தமிழருக்கும் உரியது. மறு ஆண்டே ‘கதாநாயகன்’ என்று தமிழிலும் எடுத்தார்கள். தமிழுக்கு வரும்போது துபாய்க் கனவு நகைச்சுவையாக மட்டும் மிஞ்சியது, படித்தவனுக்கு வேலை தராத ஊர் பற்றிய கசப்பு குறைந்துபோயிற்று.

1991-இல் ‘சந்தேசம்’. சத்யன் அந்திக்காடு இயக்கம், ஸ்ரீனிவாசன் எழுத்து. தமிழ்நாட்டில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்று ஊர் திரும்பும் தந்தை, வீட்டுக்குள் இரண்டு கட்சிகளைக் காண்கிறார், ஆளுக்கொரு மகன். சாப்பாட்டுக்கு வழி பண்ணாத மகன்கள் போலந்தைப் பற்றி அடித்துக்கொள்கிறார்கள். சிரிப்புக்கு அடியில் இருப்பது அந்த ஆண்டுகளின் உலகச் செய்தி. பெர்லின் சுவர் 1989-இல் விழுந்தது, சோவியத் ஒன்றியம் 1991 டிசம்பரில் கலைந்தது. வார்சாவில் விழுந்த இடி கேரளத் திண்ணையில் எதிரொலித்தது. உலகில் வேறெந்த ஊரின் குடும்ப நகைச்சுவைப் படத்திலும் போலந்து இவ்வளவு பெரிய பாத்திரமாக வந்திருக்குமா என்பது சந்தேகம்.

புத்தாயிரத்துக்குப் பின் விரல் வீட்டுக்குள் நுழைந்தது. எல்லா வயதுப் பெண்களும் சபரிமலைக் கோயிலுக்குப் போகலாம் என்ற தீர்ப்பு 2018 செப்டம்பர் 28. அதையொட்டி எழுந்த கொந்தளிப்புக்குப்பின், 2021 ஜனவரியில் ஜியோ பேபியின் ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ சிறிய இணையத் தளம் ஒன்றில் வெளியானது. தெருவில் நடந்த போராட்டத்தின் வேர் அடுப்படியில், அடைத்துக்கொண்ட பாத்திரத் தொட்டியின் அழுக்குத் தண்ணீரில் இருக்கிறது என்று அந்தப் படம் காட்டியது. குற்றவாளிக் கூண்டில் இம்முறை நின்றது பார்வையாளனின் சொந்த வீடு. அதனால்தான் விவாதம் அவ்வளவு சூடாக இருந்தது.

இத்தனையிலும் தமிழர் கூர்ந்து கவனிக்க வேண்டிய அச்சம் ஒன்று உண்டு. முல்லைப் பெரியாறு. 1886-இல் திருவிதாங்கூர் அரசு 999 ஆண்டுக் குத்தகைக்கு எழுதிக்கொடுத்த நிலம். 1895-இல் முடிந்த அணை. இடுக்கியில் இருப்பவருக்கு அது உடைந்தால் என்ன ஆகும் என்ற பயம். கம்பம், தேனி தொடங்கி ராமநாதபுரம் வரை இருப்பவருக்கு அது இல்லாவிட்டால் வயல் என்ன ஆகும் என்ற பயம். 2011 நவம்பரில் சோஹன் ராயின் ‘டேம் 999’ வந்தது. பெயரிலேயே குத்தகை ஆண்டு. தமிழ்நாடு அரசு அதைத் திரையிட அனுமதிக்கவில்லை. நீரின் அளவை 142 அடி வரை உயர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014 மே 7 அன்று தீர்ப்புச் சொல்லியும், பயம் இரு பக்கமும் அடங்கவில்லை. 2025 மார்ச் 27 அன்று வெளியான ‘எம்புரான்’ படத்தில் அணை பற்றிய காட்சிகள் இருப்பதாகத் தமிழக விவசாய அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. அதே படத்தில் குஜராத் கலவரத்தை நினைவூட்டும் பகுதிகளுக்கு வேறொரு தரப்பிலிருந்து எதிர்ப்பு வர, சில நாட்களில் தயாரிப்பாளர்களே முன்வந்து 24 இடங்களில் வெட்டினார்கள். தணிக்கைச் சான்று பெற்ற படம் அது.

அணையைப் பற்றிய படங்கள் இதுவரை ஒரு கரையில் நின்றே பேசியிருக்கின்றன. கேரளப் படம் வெள்ளத்தைக் காட்டுகிறது. தமிழகம் வறண்ட வாய்க்காலைச் சொல்கிறது. இரண்டு பயத்தையும் ஒரே கதைக்குள் வைக்க ஓர் ஊர் தகுதியாக இருக்குமானால் அது திருவனந்தபுரம்தான். சாலைக் கடைவீதியில் இரண்டு மொழியும் ஒரே வாயில் புழங்குகிறது. திருவல்லத்தில் சித்ராஞ்சலி ஸ்டூடியோ இருக்கிறது. ஆண்டுதோறும் டிசம்பரில் உலகப் படங்களை வரிசையில் நின்று பார்க்கும் கூட்டம் இருக்கிறது. இந்த ஊரின் இளைய எழுத்தாளர்களும் இயக்குநர்களும் இடுக்கிக்கும் கம்பத்துக்கும் ஒரே பயணத்தில் போய், இரண்டு வீட்டிலும் உட்கார்ந்து கேட்டு, அந்தக் கதையை எழுத வேண்டும்.