மாதக் காசு இல்லாத டிஷ்: காசு கொடுக்க முன் கேட்க வேண்டிய கேள்விகள்

(தோட்டக் கமிட்டியினரும் மாதர் சங்கத்தினரும் கலந்துகொண்ட மாதாந்தக் கூட்டத்தில், டி.வி. திருத்தும் வேலை செய்யும் நமது அங்கத்தவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



சம்பளம், காணி, ஈ.பி.எஃப். என்று கதைக்கிற கூட்டத்தில் இவன் டிஷ்சைப் பற்றிக் கதைக்க வந்திருக்கிறானே என்று சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. தைப்பொங்கலுக்கு முன் ஒரு வேன் நம்ம தோட்டத்துக்கு வந்தது ஞாபகம் இருக்கும். "ஒரே ஒரு தடவை காசு, ஆயுளுக்கும் இலவசம், எல்லாத் தமிழ்ச் சானலும் வரும்" என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். மேல் லயத்தில் ஏழு வீட்டில் தவணைக்கு எடுத்தார்கள். இன்றைக்கு அதில் நாலு வீட்டில் படம் இல்லை. தவணை மட்டும் இருக்கிறது. வேன்காரரின் போன் வேலை செய்யவில்லை.

அவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. பல வருடத்துக்கு முன் நானும் இப்படி ஒரு பெட்டியை வாங்கி எட்டாவது மாதம் ஏமாந்தவன்தான். அந்தக் கோபத்தில்தான் இந்த வேலையையே பழகினேன். அதனால் எனக்குத் தெரிந்ததை உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் ஏன் இலவச டிஷ் தேடுகிறோம் என்று ஒரு கணக்குப் போடுவோம். மாதா மாதம் ரீலோட் போடுகிற வீட்டில் மாதத்துக்கு 1,000 ரூபாய் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 12,000. ஐந்து வருடத்துக்கு 60,000. 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். அந்தக் கணக்கில் பார்த்தால் ஐந்து வருட ரீலோட்டுக்கு ஒரு ஆள் 44 பேருக்கு மேல் போட வேண்டும். மழையில் நனைந்து, அட்டை கடித்து, எடை குறையாமல் எடுத்த 44 நாள் கொழுந்து. ஆகவே மாதக் காசு இல்லாமல் டி.வி. பார்க்க நினைப்பது கஞ்சத்தனம் இல்லை. நியாயமான ஆசை. அந்த ஆசையை வைத்துத்தான் நம்மை ஏமாற்றுகிறார்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். சானலைப் பூட்டுவதும் திறந்து விடுவதும் அனுப்புகிறவன் கையில் இருக்கிறது. நீங்கள் வாங்கும் பெட்டியால் அதை மாற்ற முடியாது. வானத்தில் இருந்து வரும் சானல்களில் சில பூட்டில்லாமல் வரும். சில பூட்டோடு வரும். சன் டி.வி., விஜய், ஜீ தமிழ் எல்லாம் காசுச் சானல்கள். பூட்டோடு வருபவை. நேர்மையான எந்த இலவசப் பெட்டியும் அவற்றைத் திறக்காது. "திறக்கும்" என்று ஒருவர் சொன்னால், இன்டர்நெட் வழியாக யாரோ ஒருவருடைய சாவியைத் திருட்டுத்தனமாக எடுத்துப் பெட்டிக்குக் கொடுக்கிறார் என்று அர்த்தம். அதைத்தான் "சேர்வர்" என்கிறார்கள். அது சட்டத்துக்கு விரோதம். அதோடு கொம்பனி பூட்டை மாற்றிய அன்றைக்கு உங்கள் படம் நின்றுவிடும். மேல் லயத்தில் நடந்தது இதுதான்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு லேசான வழி இருக்கிறது. விற்கிறவர் முன்னாலேயே சொல்லுங்கள்: "பெட்டியில் சொருகியிருக்கும் வைஃபை குச்சியைக் கழற்றுங்கள். போனின் ஹாட்ஸ்பாட்டையும் நிறுத்துங்கள். பெட்டியை ஓஃப் பண்ணி, பத்து நிமிடத்துக்குப் பிறகு திரும்பப் போடுங்கள்." அதற்குப் பிறகும் ஓடுகிற சானல்கள்தான் உண்மையான இலவசச் சானல்கள். நின்று போனவை உங்களுடையவை இல்லை. இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால் அந்த ஏழு வீட்டுக் காசும் தப்பியிருக்கும்.

அப்படியானால் உண்மையாக இலவசமாக என்ன கிடைக்கும்? மூன்று வழி இருக்கிறது.

முதலாவது, கூரையில் வைக்கும் சாதாரண அன்டனா. ரூபவாஹினி, நேத்ரா, சக்தி, வசந்தம் போன்ற நம்ம நாட்டுச் சானல்களுக்கு டிஷ் தேவையில்லை. தோட்டத்துக்குத் தோட்டம் வித்தியாசம் இருக்கும். மலை மறைத்தால் புள்ளி புள்ளியாக வரும். ஆனாலும் டிஷ் வாங்க முன் இதைப் பாருங்கள். பழைய அன்டனாவின் வயரும் இணைப்பும் துருப்பிடித்திருந்தால் அதை மாற்றினாலே பல வீடுகளில் படம் தெளிந்துவிடுகிறது.

இரண்டாவது, சின்ன டிஷ். இந்தியாவின் அரசாங்க ஒளிபரப்பு நிறுவனமான பிரசார் பாரதி 2004 டிசம்பரில் மாதக் காசு இல்லாத ஒரு சேவையைத் தொடங்கியது. இன்றைக்கு அதன் பெயர் டி.டி. ஃப்ரீ டிஷ். அது 93.5 பாகை கிழக்கில் நிற்கும் ஜிசாட்-15 என்ற செய்மதியில் இருந்து வருகிறது. அது இந்தியாவுக்கு என்று அனுப்பப்படுவது. பக்கத்தில் இருப்பதால் நமக்கும் எட்டுகிறது. அங்கே 60 சென்ரிமீற்றர் தட்டு போதும் என்றால் இங்கே 90 சென்ரிமீற்றர் தட்டு வைப்பது நல்லது. ஆனால் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். அதில் பெரும்பாலானவை இந்திச் சானல்கள். தமிழுக்கு, முன்பு பொதிகை என்றிருந்து 2024 ஜனவரியில் டி.டி. தமிழ் என்று பெயர் மாறிய சானல் இருக்கிறது. அதைவிட விரல்விட்டு எண்ணக்கூடிய சிலதான். நாடகம் பார்க்க வேண்டும் என்று மாமிமார் இதை வாங்கினால் மனசு கசந்துவிடும். பழைய படம், கிரிக்கெட், பிள்ளைகளுக்குக் கல்விச் சானல் போதும் என்கிற வீட்டுக்கு இது சரி.

மூன்றாவது, பெரிய டிஷ். ஆறு அடி, எட்டு அடி என்று இருக்கும் கம்பி வலைத் தட்டு. தமிழ்ச் செய்தி, பாட்டு, பக்திச் சானல்கள் சில அதில் பூட்டில்லாமல் வரும். மழைக்கும் சின்ன டிஷ்சை விட நன்றாகத் தாங்கும். ஆனால் காற்றுப் பிடிக்கும், இடம் வேண்டும், சீமெந்தில் தூண் நடவேண்டும். இன்றைக்குத் திறந்திருக்கும் சானல் நாளைக்குப் பூட்டப்படலாம் என்பதையும் மனதில் வையுங்கள்.

ஆகவே கடைக்குப் போக முன் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து, நாம் உண்மையாகப் பார்க்கும் ஐந்து சானல்களை ஒரு துண்டில் எழுதுங்கள். அந்தத் துண்டைக் கடைக்காரரிடம் கொடுத்து, "இதில் எது பூட்டில்லாமல் வரும்?" என்று கேளுங்கள். 200 சானல், 500 சானல் என்ற கதையைக் கேட்காதீர்கள். நமக்கு விளங்காத 500 சானல் எதற்கு?

இனி பெட்டி. ரிசீவர் வாங்கும்போது நாலு விஷயம் பாருங்கள். ஒன்று, எம்பெக்-4, டி.வி.பி.எஸ்.2 என்று அட்டையில் எழுதியிருக்க வேண்டும். எம்பெக்-2 மட்டும் உள்ள பழைய பெட்டி மலிவாகக் கிடைக்கும். அதில் பாதிச் சானலுக்குச் சத்தம் வரும், படம் வராது, அல்லது ஒன்றுமே வராது. இரண்டு, உங்கள் டி.வி.யின் பின்பக்கத்தைப் பாருங்கள். பழைய பெட்டி டி.வி. என்றால் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர் போடும் துளை ரிசீவரிலும் இருக்க வேண்டும். புது டி.வி. என்றால் எச்.டி.எம்.ஐ. துளை வேண்டும். இரண்டும் உள்ள பெட்டி இருந்தால் அதை எடுங்கள், நாளைக்கு டி.வி. மாறினாலும் உதவும். மூன்று, ரிமோட்டும் பவர் வயரும் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். எங்களிடம் திருத்த வருவதில் கரண்ட் கூடிக் குறைந்து பவர் பகுதி எரிந்த பெட்டிகள் நிறைய. நாலு, கடையின் பெயர், பெட்டியின் இலக்கம், உத்தரவாதக் காலம் எல்லாம் எழுதிய பில். கேட்டால் பில் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். கொடுக்க மறுத்தால் வாங்காதீர்கள். வாங்கிய பிறகு பிரச்சினை என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறைப்பாடு செய்யலாம். கையில் பில் இருந்தால்தான் அந்த முறைப்பாடு நிற்கும்.

டிஷ் வைக்கும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். "நம்ம லயம் பள்ளத்தில் இருக்கிறது, சிக்னல் வருமா?" என்று பலர் கேட்கிறார்கள். நான் சொன்ன அந்தச் செய்மதி நமக்குக் கிழக்கே, கொஞ்சம் தெற்குப் பக்கமாக, கிட்டத்தட்ட உச்சி வானத்தில் நிற்கிறது. மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் காலை 11 மணியளவில் சூரியன் நிற்கும் இடம்தான் அது. அதனால் மலை மறைப்பது குறைவு. மறைப்பது மரம்தான். அந்த நாட்களில் 11 மணிக்கு நீங்கள் டிஷ் வைக்க நினைக்கும் இடத்தில் மர நிழல் விழுந்தால் அந்த இடம் சரிவராது. சிக்னல் பார்க்கும்போது டி.வி. திரையில் இரண்டு கோடு வரும். ஒன்று பலம், மற்றது தரம். பலம் மட்டும் 90 என்று காட்டி ஏமாற்றுவார்கள். தரம் என்ற கோட்டைப் பாருங்கள். அது உயர்ந்து ஆடாமல் நின்றால்தான் படம் நிற்கும்.

டிஷ்சைத் தகரக் கூரையில் துளை போட்டு இறுக்க விடாதீர்கள். அடுத்த மழைக்குக் காம்பராவுக்குள் ஒழுகும். ஒழுகினால் யார் திருத்துவது என்று தோட்டத்தோடு சண்டை வரும். சுவரிலோ, முற்றத்தில் சீமெந்துத் தூணிலோ வையுங்கள்.

லயத்தில் இருக்கும் நமக்கு ஒரு வசதியும் இருக்கிறது. நாம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறோம். டிஷ்சின் முன்னால் இருக்கும் எல்.என்.பி.யில் இரண்டு வாய், நாலு வாய் உள்ளவை கிடைக்கின்றன. ஒரே தட்டில் இருந்து நாலு வீட்டுக்கு நாலு வயர் இழுக்கலாம். ரிசீவர் மட்டும் ஆளுக்கு ஒன்று. அவரவர் விரும்பிய சானலை அவரவர் பார்க்கலாம். தட்டு, தூண், கூலி எல்லாம் நாலாகப் பிரியும். கீழ் லயத்தில் இப்படிச் செய்திருக்கிறார்கள், போய்ப் பாருங்கள். யார் எவ்வளவு போட்டது, ஒருவர் புது வீட்டுக்குப் போனால் என்ன செய்வது என்பதை முதலிலேயே ஒரு கொப்பியில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பிறகு மனஸ்தாபம் வராது.

கடைசியாக, உயிர் சம்பந்தப்பட்ட இரண்டு விஷயம். இடி மின்னல் நேரத்தில் பிளக்கை மட்டுமல்ல, டிஷ் வயரையும் பெட்டியில் இருந்து கழற்றி விடுங்கள். ஆனால் இடி தொடங்கிய பிறகு வயரைத் தொடாதீர்கள், இருட்டிக்கொண்டு வரும்போதே கழற்றுங்கள்.

மற்றது, சின்ன டிஷ் கடும் மழையில் நின்றுவிடும். பெட்டி பழுதாகவில்லை, மழை சிக்னலைக் குடித்துவிடுகிறது. நமக்கு மண்சரிவு வருவதும் அந்தக் கடும் மழையில்தான். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயத்தோடு நம்ம சனம் புதைந்ததை யாரும் மறக்கவில்லை. நம்ம மலைக்கான எச்சரிக்கையை இந்தியச் சானல் சொல்லாது. அதனால் டிஷ் வந்துவிட்டது என்று பழைய அன்டனாவைக் கழற்றி எறியாதீர்கள். பற்றரியில் ஓடும் சின்ன வானொலி ஒன்றையும் வீட்டில் வையுங்கள். இலங்கை வானொலித் தமிழ்ச் சேவைச் செய்தியைக் கேளுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தைச் சுவரில் எழுதி வையுங்கள்.

தாய்மாரே, நாள் முழுக்க நின்று கொழுந்து எடுத்துவிட்டு வந்து ஒரு மணித்தியாலம் டி.வி. பார்ப்பது உங்கள் உரிமை. பிள்ளை ஒரு நல்ல நிகழ்ச்சி பார்ப்பதும் அப்படித்தான். அந்த ஒரு மணித்தியாலத்துக்காக வருடக்கணக்கில் தவணை கட்ட வேண்டியதில்லை. அடுத்த முறை வேன் வந்தால் தனியாகக் கையெழுத்துப் போடாதீர்கள். கமிட்டிக்குச் சொல்லுங்கள், என்னையும் கூப்பிடுங்கள். வைஃபை குச்சியைக் கழற்றச் சொல்வோம். நம்ம கூரைக்குக் கீழே, நம்ம டி.வி.யில் ஓட்டிக் காட்டச் சொல்வோம். அதற்குப் பிறகு காசைப் பற்றிக் கதைக்கலாம்.