பார்சல் உண்டு, மேசை இல்லை



‘உணவும் சாதியும்’ என்று தலைப்புக் கொடுத்துவிட்டு, பார்பிக்யூ கடையைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் சிலர் சிரித்தீர்கள். நம் ஊரில் பார்பிக்யூ என்றால் மேசை நடுவே கரி அடுப்பு, கம்பியில் கோத்த கறி, பிறந்தநாள் பார்ட்டி. நான் சொல்ல வந்தது அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களின் பார்பிக்யூவை.

அங்கே அது விறகுத் தணலில் மணிக்கணக்காக வேகும் கறி. நம் பிரியாணியைப் போல ஊருக்கு ஊர் மாறும். டெக்சாஸில் மாட்டு நெஞ்சுக்கறி. வட கரோலினாவின் கிழக்கே பன்றிக்கறிக்குப் புளிக்காடி. தென் கரோலினாவின் நடுப்பகுதியில் மஞ்சள் நிறக் கடுகு சாஸ். இரவெல்லாம் கண்விழித்து அந்தத் தணலைக் காத்தவர்களில் பெரும்பகுதி கறுப்பின உழைப்பாளிகள், அடிமைக் காலத்திலிருந்தே.

இனி அலபாமாவின் பர்மிங்காமுக்கு வாருங்கள். ‘ஒல்லீஸ் பார்பிக்யூ’ 1927இல் தொடங்கிய கடை. 220 பேர் உட்காரலாம். ஊழியர்கள் 36 பேர். மூன்றில் இரண்டு பங்கு கறுப்பினத்தவர். ஆனால் கறுப்பின வாடிக்கையாளர் வந்தால் பார்சல் மட்டும்தான், உள்ளே உட்கார முடியாது.

இதைக் கொஞ்சம் யோசியுங்கள். நம் சாதி இந்து, தலித் சமைத்ததைத் தின்றால் தீட்டு என்கிறான். அந்த வெள்ளையருக்கு அப்படி எதுவும் இல்லை. கறுப்புக் கை வெட்டிய கறி இனித்தது, கறுப்புக் கை கொண்டுவந்து வைத்த தட்டு இனித்தது. அதே கைக்குரியவர் பக்கத்து நாற்காலியில் காசு கொடுத்து உட்கார்ந்தால்தான் கசந்தது. ஆக, சிக்கல் சுத்தத்தில் இல்லை. தீட்டு என்று நம்மிடம் சொல்லப்படுவதும் எந்த அளவுக்குச் சோற்றைப் பற்றியது, எந்த அளவுக்கு நாற்காலியைப் பற்றியது? சிரட்டையும் இரட்டைக் குவளையும் நாற்காலிக் கணக்குதான் என்பது என் கருத்து.

1964 ஜூலையில் குடிமை உரிமைகள் சட்டம் வந்தது. உணவகங்களில் நிறம் பார்க்கக் கூடாது என்றது. ஒல்லீஸ் உரிமையாளர்கள் நீதிமன்றம் போனார்கள். கறுப்பர்களை உட்கார வைத்தால் வியாபாரம் படுத்துவிடும் என்றார்கள். அதே ஆண்டு டிசம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள்.

எதை வைத்து? கறியை வைத்து! அந்தக் கடை ஓராண்டில் வாங்கிய ஏறத்தாழ 1,50,000 டாலர் உணவுப் பொருளில் 46 விழுக்காடு வெளிமாநிலத்திலிருந்து வந்த இறைச்சி. மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்த நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆகவே சட்டம் செல்லும். தனியார் கடைக்காரரின் பாகுபாட்டை அரசியல் சட்டத்தின் சமத்துவப் பிரிவு தொடாது என்று 1883லேயே அதே நீதிமன்றம் கதவை அடைத்திருந்ததால் இந்தச் சுற்றுவழி. மாநில எல்லை தாண்டி வந்த இறைச்சியின் தயவில் மனிதனுக்கு நாற்காலி கிடைத்தது. கோல்ட்பர்க் என்ற நீதிபதி மட்டும், இச்சட்டத்தின் முதல் நோக்கம் மனித மாண்பு, வெறும் பொருளாதாரம் அல்ல என்று தனியே எழுதி வைத்தார்.

நமக்கு இந்தச் சுற்றுவழி தேவைப்படவில்லை. கடை, உணவகம், விடுதி எதிலும் சாதியைக் காட்டித் தடுக்கக் கூடாது என்று நம் அரசியல் சட்டம் 15(2) நேராகவே சொல்கிறது, 1950லிருந்து. நேராகச் சொல்லியும் சில ஊர்த் தேநீர்க் கடைகளில் கண்ணாடி டம்ளர் ஒருவருக்கு, பேப்பர் கப் இன்னொருவருக்கு.

ஒல்லீஸ் படுத்துவிடவில்லை. தீர்ப்புக்கு இணங்கி, பல பத்தாண்டுகள் நடந்தது. தென் கரோலினாவின் கடுகு சாஸ்காரர் மாரிஸ் பெசிஞ்சர் வேறு ரகம். ‘பிக்கி பார்க்’ என்ற அவரது கடைகளில் ஆன் நியூமன் என்ற கறுப்பினப் பெண்ணுக்கு உணவு மறுக்கப்பட்டது. வழக்கு வந்தபோது, கலந்து உண்பது கடவுள் சித்தத்துக்கு விரோதம் என்றார். (கேட்ட குரலாக இருக்கிறதா?) 1968இல் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை அற்பமானது என்று ஒரு அடிக்குறிப்பில் ஒதுக்கித் தள்ளியது. மனிதர் திருந்தினாரா? மாநிலச் சட்டமன்றக் கூரையிலிருந்து 2000ஆம் ஆண்டில் அடிமை உடைமையாளர்களின் போர்க்கொடி இறக்கப்பட்டதும், அதைத் தன் கடைகளில் ஏற்றினார்.

அந்த 1968 தீர்ப்பில் நான் பிடித்துக்கொள்வது வேறொன்று. அச்சட்டத்தின்படி நியூமனுக்கு இழப்பீடாக ஒரு டாலரும் கிடையாது. இனி மறுக்காதே என்ற தடையாணை மட்டும்தான். அப்படியானால் எந்த ஏழை வழக்குப் போடுவார்? ஆகவே, ஜெயித்தவரின் வழக்கறிஞர் கட்டணத்தைப் பொதுவாகத் தோற்ற கடைக்காரரே தர வேண்டும் என்றது நீதிமன்றம். அவர் தனக்காக மட்டுமல்ல, ஊருக்காகவும் வழக்காடுகிறார் என்பது காரணம்.

நம் ஊரில் பேப்பர் கப்பை மறுத்து எழுந்து நிற்கும் பையனுக்கு வழக்கறிஞர் கட்டணம் யார் கொடுப்பது? முன்வரிசையில் நான்கு வழக்கறிஞர் தோழர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். கேள்வி நேரத்தில் முதலில் அவர்களிடம் கேட்கிறேன்.