மருத்துவராவதற்கு முன்



மருத்துவம் பயில விரும்பும் ஒருவர் பாடநூல்களுக்கு வெளியே எவ்வெப் பணிகளில் ஈடுபட வேண்டும் என்பது பற்றி இன்று சில சொற்கள் கூற விழைகிறேன்.

நம் நாட்டில் இக்கேள்வி மிகுதியாக எழுவதில்லை. இங்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைப்பதைப் பெரும்பாலும் நீட் தேர்வின் மதிப்பெண்ணே முடிவு செய்கிறது. அமெரிக்க ஐக்கிய நாட்டிலோ முறை வேறு. அங்கே பெரும்பாலோர் 4 ஆண்டுப் பட்டப் படிப்பை முடித்து, எம்கேட் என்னும் தேர்வையும் எழுதிய பின்னரே மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கின்றனர். அதன் பிறகு மருத்துவக் கல்வி 4 ஆண்டுகள். அதற்கும் பின்னர், எடுத்துக்கொள்ளும் துறைக்கேற்ப 3 முதல் 7 ஆண்டுகள் வரை மருத்துவமனைப் பயிற்சி. அந்நாட்டில் வளரும் நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் பலரும் இவ்வழியே செல்கின்றனர்.

அந்நாட்டு மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் ஒரு பொது விண்ணப்பத்தை நடத்துகிறது. அதில் மாணவர் தம் பணிகளைக் குறிப்பதற்கு 15 இடங்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தொடங்கிய நாள், முடிந்த நாள், செலவிட்ட மணி நேரம், அதனை அறிந்து சான்று கூறக்கூடியவர் ஆகிய விவரங்களைத் தர வேண்டும். 700 எழுத்துக்களுக்குள் விளக்கமும் எழுத வேண்டும். அப்பணிகளுள் மிகப் பொருள் பொதிந்தவை என்று 3 பணிகளை வேறு பிரித்துக் காட்டலாம். அம்மூன்றுக்கு மட்டும் இன்னும் 1325 எழுத்துக்கள் எழுத இடமுண்டு.

15 என்ற எண்ணைக் கண்டவுடன் மாணவர் உள்ளம் பதறுகிறது. இக்கழகத்தில் ஒரு மாதம், அச்சங்கத்தில் இரு வாரம், பெயருக்கு ஒரு பதவி என்று ஓடி ஓடி நிரப்புகின்றனர். ஆனால் 15 என்பது மேல் வரம்பேயன்றிக் கட்டளை அன்று. கருத வேண்டிய எண் 3. ஒரே பணியில் மூன்று ஆண்டு நிலைத்து நின்றவருக்கு எழுதுவதற்குச் செய்தி இருக்கும். பத்துப் பணிகளைத் தொட்டு விட்டவருக்குப் பத்துப் பெயர்கள் மட்டுமே இருக்கும்.

கல்லூரிகள் இவற்றையெல்லாம் ஏன் கேட்கின்றன? உயர்ந்த மதிப்பெண் ஒருவருடைய அறிவையும் உழைப்பையும் காட்டும். நள்ளிரவில் வலியால் துடிக்கும் முதியவர் ஒருவர் கடிந்து பேசினால், அவர் முகம் சுளிக்காமல் நிற்பாரா என்பதை அது காட்டாது. அதனை அறியவே இவ்வினா.

இதற்கு விடை தேடுவோர்க்குத் திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் ஒரு வழி காட்டுகிறது. நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பணிபுரிவோர் என மருத்துவத்தை நான்கு கூறுகளாக வள்ளுவர் அங்கே வகுக்கின்றார். இரண்டாம் இடத்தை விரும்பும் மாணவர் முதலில் நான்காம் இடத்தில் சிறிது காலம் நின்று பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து. விண்ணப்பம் வலுப்பெறுவதும் அவ்வாறு நின்றதனால்தான்.

நான்காம் இடத்திற்குரிய பணிகள் பல. மருத்துவமனையில் தொண்டராக நின்று சக்கர நாற்காலி தள்ளலாம். நோயாளிக்கு நீர் கொடுக்கலாம். முதியோர் இல்லத்தில் படித்துக் காட்டலாம். இறுதிக் காலத்திலிருப்போர்க்கு உடனிருந்து பேச்சுத் துணை ஆகலாம். பயிற்சி பெற்று ஆம்புலன்ஸ் ஊழியராகவோ, மருத்துவர் கூறுவதைக் குறித்துக்கொள்ளும் எழுத்தராகவோ ஊதியத்திற்குப் பணி செய்வோரும் உண்டு. ஊதியம் பெற்றதனால் அப்பணியின் மதிப்புக் குறைவதில்லை. குடும்பத்தைத் தாங்குவதற்காகக் கடையில் வேலை செய்த மாணவர் அதனையும் தயங்காமல் எழுதலாம். விண்ணப்பத்தில் ஊதியப் பணிக்கென்றே தனி வகை இருக்கின்றது.

மருத்துவர் ஒருவரை நிழல்போல் தொடர்ந்து சென்று அவர் பணியைக் காண்பது மற்றொரு வழி. நாள் முழுதும் அவர் எத்தனை பேரிடம் பேசுகிறார், எவ்வளவு நேரம் குறிப்பெழுதுகிறார், தீராத நோயை எவ்வாறு எடுத்துரைக்கிறார் என்பன தெரியவரும். அங்கே கண்டதும் கேட்டதும் நோயாளியின் உடைமை என்பதை மறத்தல் ஆகாது. நோயாளியின் மருத்துவச் செய்திகளைக் காப்பதற்கு அந்நாட்டில் 1996-இல் சட்டமே இயற்றப்பட்டது. எனினும் காண்பது மட்டும் போதாது. கைகளுக்கும் ஏதேனும் வேலை வேண்டும்.

ஆராய்ச்சிக் கூடப் பணி பொறுமையைக் கற்பிக்கும். பலமுறை தவறிய சோதனையை மீண்டும் தொடங்குவது சிறந்த பயிற்சி அன்றோ? இசையும் விளையாட்டும்கூட வீண் அல்ல. பத்தாண்டு மிருதங்கம் பயின்றவர் ஒழுங்கான உழைப்பு இன்னதென்று அறிந்தவர். விண்ணப்பத்திற்காக அதனை விட்டுவிட்டு, மனம் ஒட்டாத வேறொன்றைத் தேடி அலைய வேண்டுவதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை கூற வேண்டும். விண்ணப்பம் பொலிவு பெறும் என்று எண்ணி, ஏழை நாடுகளுக்குச் சில வாரப் பயணம் செல்லும் மாணவர் உண்டு. அங்கே போதிய கண்காணிப்பு இல்லாத இடங்களில், பயிற்சி பெறாத மாணவர் ஊசி போடவும் காயம் தைக்கவும் முற்படுவதுண்டு. நான்காம் இடத்திலிருப்பவர் இரண்டாம் இடத்திற்குத் தாவும் செயல் இது. ஊறு நேர்ந்தால் அதனைத் தாங்குவது ஏழை நோயாளியின் உடல். இதனைக் கருதியே அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் 2011-இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. உங்களுக்கு எளிய உரைகல் ஒன்று உண்டு. உங்கள் சொந்த ஊரில் செய்ய அனுமதி இல்லாத ஒன்றை அயலூரில் செய்யாதீர்கள்.

அருகில் நின்று காண்பது ஒரு வாழ்க்கையையே மாற்றவல்லது என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார் இளமையில் மருத்துவராக விரும்பியவர் அல்லர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிள்ளைப் பேற்றின்போது உதவியின்றி இறந்தனர். ஆண் மருத்துவரான அம்மையாரின் தந்தையை அழைக்க அக்குடும்பத்தார் இசையவில்லை. அந்த இரவு அவர் உள்ளத்தைத் திருப்பியது. அமெரிக்காவின் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பயின்று 1899-இல் பட்டம் பெற்றார். வேலூருக்கு வந்து 1900-இல் சிறு மருத்துவ நிலையம் ஒன்றைத் தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி நிறுவினார். ‘நீ ஏன் மருத்துவராக வேண்டும்?’ என்று அவரை எவர் கேட்டிருப்பினும் விடைக்காகச் சொற்களைத் தேடியிருக்க மாட்டார். இன்றைய நேர்முகத்திலும் இக்கேள்வி எழத்தான் செய்கிறது. கண்டு உணர்ந்தவரின் விடைக்கும், மனப்பாடம் செய்தவரின் விடைக்கும் உள்ள வேற்றுமையைக் கேட்போர் எளிதில் அறிவர்.

ஆகவே ஒரு பணியைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். விண்ணப்பம் என்ற ஒன்றே இல்லாவிடினும் இதனைச் செய்வேனா? ஓராண்டேனும் இதில் நிலைத்து நிற்பேனா? நான் வராத நாளில் எவரேனும் என்னைத் தேடுவாரா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால் அப்பணி உங்களுக்கு உரியது.

இவ்வாறு நின்று பார்த்தவருள் சிலர், ‘இவ்வாழ்வு எனக்கு ஏற்றதன்று’ என்று உணரவும் கூடும். அது தோல்வி ஆகாது. பத்தாண்டுப் படிப்பும் பெருங்கடனும் ஆன பிறகு உணர்வதைவிட, பதினெட்டு வயதில் உணர்வது பெரும் பேறு. அவருக்கும் நன்மை, அவரிடம் வந்திருக்கக்கூடிய நோயாளிக்கும் நன்மை.

இந்நாட்டில் பயிலும் உங்களுக்கு இப்பணிகள் மதிப்பெண் தாரா. ஆயினும் 1969-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் கல்லூரிகள் பலவற்றில் இயங்குகிறது. இரத்ததான முகாம்கள் நடைபெறுகின்றன. உங்கள் தெருவிலேயே மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்ல ஆள் இல்லாத முதியவர் இருக்கலாம். நாளை உங்கள் முன் வந்து அமரும் நோயாளி உங்கள் மதிப்பெண்ணையும் கேளார், விண்ணப்பத்தையும் காணார். தாம் சொல்வதை நீங்கள் பொறுமையுடன் கேட்கிறீர்களா என்பதையே அவர் பார்ப்பார். அப்பழக்கத்தை இன்றே தொடங்குங்கள்.